மூணாவது லெவல்

கடைக்கு வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க: "இன்னாக்கா, இத்தினி நாளா ஆளையே காணோமே, உடம்புக்கு இன்னா?" கன்னடத்துல கேட்டவங்களுக்கு பி.பி.ன்னு சொன்னேன். தெலுங்குல கேட்ட பூக்கார அம்மாவுக்கு கேஸ் டிரபிள்னு சொன்னேன். நம்ம மைன்ஸ் லைன் வீட்டு ஜனங்க தமிழ்ல கேட்டா தலைசுத்தல். கைக்கு ஏத்த சைஸ்ல வளையல் எடுத்துக் குடுக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு நோவு குடுத்து அனுப்பிட்டேன். அப்பால உக்காந்து யோசிச்சா, எனக்கு வந்த சீக்குல பாதி இதுதானேன்னு சிரிப்பு வந்துடுச்சு. அதனால ஒரே தடவையா, எல்லாருக்கும் ஒரே மாதிரியா இங்க எழுதிடறேன். படிச்சுட்டு யாரும் கடைக்கு வந்து துக்கம் விசாரிக்க வேணாம். வந்தா வளையல் வாங்கிட்டுப் போங்க.

என் பேரு செல்வி. கோரமண்டல் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா அஞ்சு நிமிஷத்துல எங்க பேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், ஜாக்கெட் பிட்டு, கவரிங் செட்டு எல்லாம் கிடைக்கும். வீட்டுக்காரர் பேரு சேகர். அவங்கப்பா எங்க ஊரு தங்கச் சுரங்கத்துல, அதான் மைன்ஸ்ல, வைண்டிங் இஞ்சின் ஓட்டினவரு. ஷாஃப்ட்டுங்கற ஆழக் குழிக்குள்ள ஆளுங்களை இறக்கி ஏத்துற இரும்புக் கூண்டுக்குப் பேரு கேஜ். அதை மேல இருந்து இழுக்கிற இஞ்சின் அது. மைன்ஸ் மூடின பிறகுதான் நாங்க கடை வெச்சோம். அப்ப இருந்து இன்னிக்கு வரைக்கும் கல்லாவுல நான்தான். அவரு சரக்கு வாங்குவாரு, ஷட்டர் தூக்குவாரு, இறக்குவாரு. பேச்சு எல்லாம் என்னோடது. அவரு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அன்னிக்கு மழை வரும்.

ஒரு முகூர்த்த மாசம். கல்யாணப் பொண்ணு ஒண்ணு அம்மாவோட வளையல் எடுக்க வந்துச்சு. நான் வழக்கம் போல, "உன் கலருக்கு இந்த ராமர் பச்சை தூக்கும்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அசந்துடுவாங்க"ன்னு அளந்துகினு இருந்தேன். அது சிரிச்சுட்டு, "அது கெடக்கட்டும்க்கா. உங்களுக்கு இன்னா கலர் பிடிக்கும்? அதையே எடுத்துக்கறேன்"ன்னு கேட்டுச்சு.

வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரல. சேட்டு வீட்டம்மாவுக்கு இன்னா கலர், டீச்சருக்கு இன்னா கலர், எதிர்க்கடை மருமகளுக்கு இன்னா கலர், எல்லாம் வரிசையா வருது. எனக்கு? தேடிகினே இருக்கேன். அப்பதான் இடது கை மரத்துப் போச்சு. உதடு மரத்துப் போச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு உள்ள போவ மாட்டேங்குது. ஒரு டஜன் ராமர் பச்சை கீழ விழுந்து நொறுங்கிச்சு. செத்தோம்டா சாமின்னு நினைச்சேன்.

இங்க இருக்கிற ஆஸ்பத்திரியில ஈ.சி.ஜி. எடுத்தாங்க. நெஞ்சுல, கையில, கால்ல ஒயர் ஒட்டி இதயம் அடிக்கிறதைக் காகிதத்துல கோடு போட்டுக் காட்டுற மிஷின். கோடு நல்லா கீதுன்னாங்க. வீட்டுக்கு வந்தேன். நாலு நாள்ல மறுபடியும் வந்துச்சு, அடுத்த வாரம் மறுபடியும். கடைசியில பெங்களூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. காலை ரயில்ல ஜன்னலோர சீட்டுக்கு எனக்காகச் சண்டை போட்டாரு பாருங்க எங்க வீட்டுக்காரர், அன்னிக்கே தெரிஞ்சுது விஷயம் பெருசுன்னு.

அங்க எக்கோன்னு ஒண்ணு. நெஞ்சுல சில்லுனு பசையைத் தடவி, ஒரு குமிழை வெச்சுத் தேச்சு, இதயம் வேலை செய்யறதை டிவியில பார்க்கிறாங்க. தைராய்டுக்கு ரத்தம். தலைக்கு ஸ்கேன், குழாய்க்குள்ள படுக்க வெச்சு டம டமன்னு சத்தம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சுலயும் அரை நாள். பக்கத்துல உக்காந்தவங்க கதை எல்லாம் எனக்கு இப்ப அத்துப்படி. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். நார்மல்னா சந்தோஷப்படணும், எனக்குக் கோவம்தான் வந்துச்சு. நார்மலா இருக்கிறவளை எதுக்கய்யா இப்படி மூச்சுத் திணற வெக்கிறீங்கன்னு யாரையாவது புடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு.

அப்பதான் மனநலப் பிரிவுக்கு அனுப்பினாங்க. அந்தப் போர்டைப் பார்த்ததும் திரும்பி நடந்தேன். இவரு கையைப் புடிச்சு, "டீ குடிச்சுட்டுப் போலாம் வா"ன்னாரு. டீ குடிச்சோம். அப்பால உள்ள போனோம். அட்மிட் பண்ணிட்டாங்க.

என்னைப் பார்த்தது டாக்டர் பவித்ரா. எங்க அக்கா பொண்ணு வயசுதான் இருக்கும். வீட்டுல கன்னடம் பேசற பொண்ணு, தமிழைத் தட்டித் தடவி அழகா பேசும். எனக்கு வந்தது பேனிக் அட்டாக்குன்னு சொன்னாங்க. எதிர்ல ஆபத்தே இல்ல, ஆனா ஆபத்து வந்துடுச்சுன்னு உடம்பு நினைச்சுகினு ஓடறதுக்குத் தயாராயிடுதாம். அதுக்கு அடியில மனச்சோர்வு இருக்கலாம், இன்னும் ஒரு விஷயமும் பார்க்கணும்னாங்க. "உங்க பர்சனாலிட்டி ஃபங்ஷனிங் எப்படி இருக்குன்னு பார்க்கணும் அம்மா."

"ஃபங்ஷனா? யாருக்கு?"ன்னு கேட்டேன். நம்ம ஊர்ல ஃபங்ஷன்னா மஞ்சத்தண்ணி, காதுகுத்து, வேற இன்னா?

அந்தப் பொண்ணு சிரிக்காம பொறுமையா சொல்லுச்சு. நாம யாருன்னு நமக்கே ஒரு புடி இருக்கா, நமக்கு இன்னா வேணும்னு தெரியுதா, அடுத்தவங்க மனசு புரியுதா, ஒருத்தர்கிட்ட நெருங்கிப் பழக முடியுதா, இந்த நாலும் எப்படி ஓடுதுன்னு பார்க்கிறதாம். "இது ரத்தத்துல தெரியாது, ஸ்கேன்ல தெரியாது. நீங்க சொன்னாதான் எங்களுக்குத் தெரியும்"ன்னு சொல்லிட்டு ஒரு கத்தை காகிதம் குடுத்தாங்க. கன்னடத்துல வேணுமா தமிழ்லயான்னு கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், விடுவேனா?

பக்கம் பக்கமா வாக்கியம். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல சைபர்ல இருந்து மூணு வரைக்கும் கட்டம். ஒருபோதும் இல்லைன்னா சைபர், எப்போதும்னா மூணு. டிக் பண்ணணும். நான் உண்மையா டிக் பண்ணினேன், சாமி சத்தியமா.

"யாருடன் இருக்கிறேனோ அவருக்கு ஏற்றபடி மாறிவிடுகிறேன்." மூணு. கன்னடக்காரங்ககிட்ட கன்னடம், தெலுங்குக்காரங்ககிட்ட தெலுங்கு, சேட்டம்மாகிட்ட இந்தி, மாறலேன்னா யாரு வருவா? "மனதில் ஒன்றிருக்க வெளியே வேறொன்றைக் காட்டுகிறேன்." மூணு. ஒரு மணி நேரம் நாப்பது டப்பா பிரிச்சுப் பார்த்துட்டு ஒரு ஊக்கு பாக்கெட் வாங்கற அம்மாகிட்ட சிரிச்சுகினே "வாங்க, போயிட்டு வாங்க"ன்னு சொல்றவ நானு. "பிறர் என்னை ஏமாற்றக்கூடும் என்று எப்போதும் கவனமாக இருக்கிறேன்." இதெல்லாம் ஒரு கேள்வியா! மூணு.

"எனக்கு என்ன பிடிக்கும் என்பது எனக்குத் தெரிவதில்லை" கிட்ட வந்ததும் பேனா நின்னுடுச்சு. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன்.

ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் பொய் சொன்னேன். "தனியாக இருக்கும்போது காரணம் தெரியாமல் அழுகிறேன்." சைபர்.

உண்மை இன்னான்னா, ஒரு வருஷத்துக்கு மேல, தினம் மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு, ஷட்டரைப் பாதி இறக்கினதும், நான் ஸ்டாக் ரூமுக்குள்ள போய் அட்டைப்பெட்டிங்க நடுவுல உக்காந்து அழுதுகினு இருந்தேன். அரை மணி நேரம். எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது. யாரும் சாவல, யாரும் திட்டல. அழுதுட்டு மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, "வாம்மா, இன்னா வேணும்?" இது தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லிடுவாங்க. அப்பால கல்லாவுல யாரு உக்கார விடுவாங்க? அந்தக் கல்லாவை விட்டா எனக்கு வேற இடம் கிடையாது. அதனாலதான் சைபர்.

மறுநாள் இவரும் நானும் டாக்டர் எதிர்ல உக்காந்தோம். டாக்டர் காகிதத்தைப் புரட்டிட்டு, "இந்த ஃபார்ம் பிரகாரம் பார்த்தா மூணாவது லெவல் பக்கம் வருது"ன்னு மெதுவா சொன்னாங்க.

எங்க வீட்டுக்காரர் மூஞ்சி பூ மாதிரி மலர்ந்துச்சு. "மூணாவது லெவலா? அவ்ளோதானா டாக்டர்? நான் இன்னாவோன்னு பயந்துட்டேன். எங்கப்பா காலத்துல நூறாவது லெவலுக்கு எல்லாம் போய் ஷிஃப்ட் முடிச்சுட்டு ஜம்முனு மேல வருவாங்க. மூணாவது லெவல்னா கேஜ் கூட வேணாம், ஏணி போட்டே ஏறி வந்துடலாம்!"

அவரு ஒரு மாசத்துப் பேச்சை ஒரே மூச்சுல பேசிட்டாரு. டாக்டருக்கு ஒண்ணும் புரியல. நான்தான் விளக்கினேன்: மைன்ஸ்ல ஷாஃப்ட்ல இருந்து பக்கவாட்டுல வெட்டிகினு போற சுரங்கத்துக்கு லெவல்னு பேரு, ஆழம் போவப் போவ நம்பர் ஏறும்னு. அந்தப் பொண்ணு பேனாவை மூடி வெச்சுச்சு.

"நீங்க சொல்றது சரி சார். இதுலயும் ஆழம் போகப் போகத்தான் நம்பர் ஏறும். ஆனா இதுல மொத்தமே நாலு லெவல்தான்."

"மொத்தமே நாலா?"ன்னாரு. கண்ணாடியைக் கழட்டி சட்டையில துடைச்சாரு. மறுபடி மாட்டிகிட்டாரு.

இதை வெச்சு மட்டும் பேரு வைக்க மாட்டோம், இன்னும் பேசணும், வீட்டுல இருக்கிறவங்க பார்வையும் வேணும்னு சொல்லி, அவருக்கும் ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. அதே வாக்கியங்க, "நான்"ங்கற இடத்துல "அவர்"னு இருந்துச்சு. மடிச்சு சட்டைப் பையில வெச்சுகினு சாயங்கால ரயிலுக்குப் போயிட்டாரு.

அன்னிக்குத்தான் எனக்கு நெஜமா பயம் வந்துச்சு. மூச்சுத் திணறினப்ப கூட அப்படி இல்ல. கல்லாவுல நிக்கிற செல்வியைத் தனியா எடுத்து வெச்சுட்டா, உள்ள வேற செல்வி ஒருத்தி இருக்காளா இல்லையா? இல்லேன்னு அந்தக் காகிதம் சொல்லுதோன்னு தோணிச்சு. வீட்டுக்குச் செல்வியா திரும்பிப் போவேனா, இல்ல மூணாவது லெவல் கேஸா போவேனா? தூக்கம் வரல. வார்டு நர்ஸ் ஒரு மாத்திரை குடுத்துட்டு, காலுக்குப் போர்வையை இழுத்து விட்டுட்டுப் போனாங்க. கேக்காமலேயே இழுத்து விட்டாங்க, அதுக்கே அழுகை வந்துச்சு. அழல.

மறுநாள் நாத்தனார் சாந்தா வந்தா. நான் இல்லாத நாள்ல எல்லாம் கடையைப் பார்த்துகிட்டது அவதான். தூக்குல களியும் கீரைக் கடையலும் கட்டி எடுத்துகினு, ரயில்ல மடியிலயே வெச்சுகினு வந்திருந்தா. "நாலுக்கு மூணா? அப்ப ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணிகீறீங்க அண்ணி!"ன்னா. வார்டே சிரிச்சுச்சு. அப்பால காதுகிட்ட வந்து, "சீக்கிரம் வாங்க அண்ணி. அந்த ஊக்கு பாக்கெட் அம்மா வந்தா எனக்கு அடிக்கணும் போல கீது"ன்னு சொன்னா. அவளைப் பத்தி நான் இன்னா இன்னாவோ நினைச்சு வெச்சிருந்தேன், கல்லாவைப் புடுங்கிக்குவான்னு. வெக்கமா போச்சு.

அதுக்கு அடுத்த நாள் டாக்டர் பவித்ரா என் கட்டில்லயே உக்காந்து, என் ஃபார்மை எடுத்து ஒவ்வொரு மூணையும் விரல் வெச்சுக் கேட்டாங்க. "இது எதுக்கு மூணு, சொல்லுங்க, ஹேளி அம்மா."

"டாக்டர், நான் கடைக்காரி. ஆளுக்கு ஏத்த மாதிரி மாறாம எப்படி?"

"சரி, கடை மூடினப்புறம்? வீட்டுல சார்கிட்ட?"

"அவருகிட்ட எதுக்கு மாறணும்? அவரு பாட்டுக்கு இருப்பாரு, நான் பாட்டுக்குத் திட்டிகினு இருப்பேன்."

"ஏமாத்திடுவாங்கன்னு எப்பவும் கவனமா இருக்கேன்னு போட்டிருக்கீங்க. வீட்டுல?"

"வீட்டுல யாரு இன்னாத்தை எடுத்துகினு போவப் போறாங்க?"

அந்தப் பொண்ணு வாயைப் பொத்திகினு சிரிச்சுச்சு. அப்பால நெத்தியில அடிச்சுகிச்சு. "எல்லாத்தையும் நீங்க கல்லாவுல நின்னுகிட்டே டிக் பண்ணிட்டீங்க அம்மா. கேட்டது அது இல்ல." எழுதினதை மட்டும் வெச்சு முடிவு கட்டினா இப்படித்தான் ஆகும், அதனாலதான் உக்காந்து பேசறோம்னு சொன்னாங்க. மனச்சோர்வுல இருக்கிறவங்க தங்களைப் பத்தி எழுதினா எல்லாமே ஒரு சுத்து கறுப்பா வரும், அதையும் கழிச்சுத்தான் பார்க்கணுமாம். எனக்கு நெஞ்சு லேசாச்சு. தப்பிச்சோம்னு நினைச்சேன்.

அப்ப விரல் அந்த சைபர்ல வந்து நின்னுச்சு.

"இது?"

"அழுவ எல்லாம் மாட்டேன் டாக்டர். எனக்கு எங்க நேரம்?"

 டாக்டர் மடிச்ச காகிதம் ஒண்ணை எடுத்துப் பிரிச்சாங்க. வடை எண்ணெய் பட்டு ஒரு மூலையில கண்ணாடி மாதிரி ஆயிருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ரயில்ல எழுதி, சாந்தாகிட்ட குடுத்தனுப்பின ஃபார்ம். "அவரே உங்ககிட்ட காட்டச் சொன்னாரு"ன்னாங்க.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துச்சு. எல்லாத்துக்கும் நல்ல கட்டமா பார்த்துத் தேடித் தேடி டிக் பண்ணியிருந்தாரு. கோவம் வருமா? ஒருபோதும் இல்லை. அடப்பாவி மனுஷா! "சார் ஃபார்மை நம்பினா உங்களுக்கு வியாதியே இல்ல, எனக்குத்தான் ஏதோ இருக்கணும்"ன்னாங்க டாக்டர். அப்பால மூணாவது பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க.

"அவர் தனியாக இருக்கும்போது அழுகிறார்." மூணுல டிக். அந்த ஒண்ணே ஒண்ணுலதான் மூணு. பக்கத்துல, ரயில் ஆட்டத்துல கோணல் மாணலா, பொடி எழுத்துல எழுதியிருந்தாரு:

"தினம் மத்தியானம் ஒன்றரை மணி. ஸ்டாக் ரூமில். அந்த நேரம் யாரும் வராமல் இருக்க நான் ஷட்டரை முழுசாக இறக்கி வெளியே உட்காருவேன்."

நான் அவரு தூங்கறாருன்னு நினைச்சுகினு இருந்தேன். ஒரு வருஷமா. பாதி இறக்கின ஷட்டருக்கு உள்ள ஸ்டூல் போட்டுத் தூங்கறாருன்னு. அந்த மனுஷன் வெளிய வெயில்ல உக்காந்துகினு இருந்திருக்காரு.

டாக்டர் எதிர்லயே அழுதேன். முதல் தடவையா ஒரு ஆள் எதிர்ல. அவங்க ஒண்ணும் சமாதானம் சொல்லல, நேரம் பார்க்கல, உக்காந்திருந்தாங்க. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

இவரு மத்தியானம் வந்தாரு. வராந்தா பெஞ்சுல உக்கார வெச்சுக் கேட்டேன். பாசமா கேட்டேன்னு நினைக்காதீங்க, சண்டைதான் போட்டேன். "தெரிஞ்சுகினே ஒரு வருஷம் கேக்கலியே, நீ எல்லாம் மனுஷனா? உள்ள வந்து இன்னாடின்னு ஒரு வார்த்தை?" கோவம் வந்தா எனக்கு நீங்க, வாங்க எல்லாம் வராது.

அவரு தலையைக் குனிஞ்சுகிட்டாரு. அப்பால சொன்னாரு: "அப்பா சொல்வாரு. கீழ இருந்து மணி வராம கேஜை இழுக்கக் கூடாது. ஒருத்தன் பாதி ஏறி, ஒரு காலு வெளிய இருக்கும். அவசரப்பட்டு இழுத்தா ஆளே போயிடுவான். எத்தினி நேரம் ஆனாலும் கையை லிவர்ல வெச்சுகினு காத்திருக்கணும்பாரு. நீ மணி அடிப்பேன்னு காத்துகினு இருந்தேன்."

"நான் அடிக்கவே இல்லேன்னா?"

"அதான்..." கண்ணாடியைக் கழட்டினாரு. "அதான் தப்பாப் போச்சு செல்வி. அன்னிக்குக் கல்லாவுல சாஞ்சியே, அப்பதான் தெரிஞ்சுது. ஆள் இறங்கி நேரமாயும் மணி வரலேன்னா, கீழ போய்ப் பார்க்கணும். அதையும் அப்பா சொல்லியிருக்காரு. நான் அதை மறந்துட்டேன்."

அவரு கையைப் புடிச்சுகிட்டேன். ஜனங்க போயிகினு வந்துகினு இருந்தாங்க. இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

டாக்டர் புது ஃபார்ம் குடுத்தாங்க, கல்லாவை விட்டு இறங்கி வந்து டிக் பண்ணுங்கன்னு. பண்ணினேன். நிறைய மூணு ஒண்ணாச்சு, சைபராச்சு. அந்த ஒரு சைபர் மட்டும் மூணாச்சு. எல்லாம் பேசிப் பார்த்துட்டு, மனச்சோர்வும் பேனிக்கும்தான் சீக்கு, ஆளு உடையல, ஒண்ணாவது லெவல்ல இருக்கீங்க, ஏறி வந்துடலாம்னு சொன்னாங்க. மாத்திரை இருக்கு, பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை பேசப் போவணும். "எனக்கு என்ன பிடிக்கும்" கட்டத்தை இந்தத் தடவையும் காலியாதான் விட்டேன். காலியா விட்டதும் ஒரு பதில்தான், மெதுவா பார்க்கலாம்னாங்க.

வீட்டுக்கு வந்த மறுநாளே கல்லாவுல உக்காந்துட்டேன். சாந்தா கும்பிடு போட்டுட்டு ஓடிட்டா. மத்தியானம் சாப்பிட்டோம். ஒன்றரை மணிக்கு அவரு ஷட்டர் பக்கம் போனாரு, நான் ஸ்டாக் ரூமுக்குப் போனேன். அழுகை வந்துச்சு. மாத்திரை சாப்பிட்டா மறுநாளே நின்னுடுமா இன்னா? கொஞ்ச நேரம் அழுதேன். அப்பால கையில இருந்த வளையலால இரும்பு ரேக்கைத் தட்டினேன். டங், டங், டங்.

எத்தினி தட்டணும்னு எனக்குத் தெரியாது. எத்தினின்னு அவரும் எண்ணல. அடுத்த நிமிஷம் ஷட்டரை உள்ள இருந்து இறக்கிட்டு வந்து, ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காந்துகிட்டாரு.

வெளிய யாரோ ஷட்டரைத் தட்டினாங்க. "செல்விக்கா! ஒரு ஊக்கு பாக்கெட்!"

நான் பழக்கத்துல எழுந்தேன். அவரு என் கையைப் புடிச்சு உக்கார வெச்சுட்டு, கடை வெச்ச நாள்ல இருந்து அவரு வாயில வராத சத்தத்துல கத்தினாரு.

"கடை மூடி கீதும்மா! அரை மணி கழிச்சு வாங்க!"